“பம்பிங் நன்றாக இருக்கிறது” – எந்தப் பக்கத்துப் பம்பிங்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழை மொரிஷியஸ் தீவில் இருந்துகொண்டு நாள்தோறும் படித்து வருபவன் நான். பிறவி இதயக் குறைக்காகச் சென்னைக்கு வந்து அறுவை செய்துகொண்டு ஊர் திரும்பிய ஒரு வெளிநாட்டுச் சிறுவனைப் பற்றிச் சென்ற மாதம் ஒரு செய்தி வெளியிட்டிருந்தீர்கள். மருத்துவர்களின் திறமையும் அந்தத் தாயின் கண்ணீரும் அதில் நன்றாகவே பதிவாகியிருந்தன. ஆனால் செய்தியின் கடைசி வரியில், சிறுவன் ‘முழுமையாகக் குணமடைந்துவிட்டான், இனி மருத்துவமனை பக்கமே வரத் தேவையில்லை’ என்று எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கு மனம் பொறுக்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய இதே வாக்கியத்தைக் கேட்டு மகிழ்ந்து வீடு திரும்பிய தகப்பன் என்ற முறையில், அந்த வரியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

என் மகள் 1996-இல் பிறந்தவள். அழுதால் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். நடக்கப் பழகிய பிறகு நாலடி ஓடினாலும் நின்று, குந்தி உட்கார்ந்துகொள்வாள். அப்படிக் குந்தினால் நுரையீரலுக்குப் போகும் இரத்தம் சற்றுக் கூடும் என்பதை யாரும் சொல்லித்தராமலே அந்தக் குழந்தைகள் கண்டுகொள்கிறார்கள் என்று பின்னர் ஒரு மருத்துவர் விளக்கினார். நோயின் பெயர் ‘டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ’. அதில் வரும் ஃபாலோ என்பவர் பிரெஞ்சு நாட்டின் மார்செய் நகர மருத்துவர். இந்த ‘நீல நோயின்’ உடற்கூற்றை 1888-இல் தொகுத்து எழுதியவர். பிரெஞ்சு படிக்கும் எங்கள் ஊரில் பெயரைச் சரியாகச் சொல்லிவிடுவோம். சென்னையில் எல்லாரும் டி.ஓ.எஃப். என்று மூன்று எழுத்தில் முடித்துக்கொண்டார்கள். இதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் நடுவே ஓட்டை, நுரையீரலுக்குச் செல்லும் வழியில் அடைப்பு, ஓட்டையின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் மகாதமனி (உடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெருநாளம்), பாரம் சுமந்து தடித்துப்போன வலது கீழறை ஆகிய நான்கும் சேர்ந்ததே அந்நோய்.

அவளுக்கு மூன்று வயதில், 1999-இல், சென்னையில் அறுவை நடந்தது. ஓட்டையை மூடினார்கள். நுரையீரல் வால்வு இருந்த குறுகலான வாயைக் கீறி, அகலப்படுத்தி, ஒட்டு ஒன்றை வைத்துத் தைத்தார்கள். அந்த ஒட்டு வால்வின் வளையத்தையே கடந்து போடப்பட்டதால் வால்வு மூடித் திறக்கும் வேலையை இழந்தது. அதன் பிறகு வலது கீழறை தள்ளும் இரத்தத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு துடிப்பிலும் திரும்பி வந்துகொண்டே இருந்தது. இதற்காக அந்த அறுவை மருத்துவரைக் குறை கூற மாட்டேன். 1954-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் லிலிஹை என்ற அறுவை மருத்துவர் இந்நோய்க்கு முதன்முதலில் இதயத்தைத் திறந்து முழு அறுவை செய்த நாள்முதல், அடைப்பை நீக்கிக் குழந்தையைப் பிழைக்கவைப்பதே பெரும்பாடாக இருந்தது. வலது பக்கத்துக் கசிவை உடல் தாங்கிக்கொள்ளும் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். தாங்கத்தான் செய்கிறது, பத்து ஆண்டு, இருபது ஆண்டு, சிலருக்கு முப்பது ஆண்டு. அவ்வளவு காலமும் அந்த அறை ஓசையின்றி விரிந்துகொண்டே போகிறது என்பது, முதலில் பிழைத்த குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களான பிறகுதான் மருத்துவ உலகத்துக்கே தெளிவாயிற்று.

என் மனக்குறை அதற்குப் பிந்திய ஆண்டுகளைப் பற்றியது. ஊர் திரும்பியதும் இங்கே ஒரு மருத்துவ நிலையத்தில் ஆண்டுக்கு ஒருமுறை எக்கோ எடுத்தோம். அந்த நிலையத்தின் பெயர் இங்கு வேண்டாம். ஒவ்வொரு முறையும் அறிக்கையில் ஒரே எண்ணைக் காட்டினார்கள்: அறுபது சதவீதம். “பம்பிங் நன்றாக இருக்கிறது, கவலை வேண்டாம்” என்றார்கள். அவளுக்குப் பதினைந்து வயதானபோது இனி வரத் தேவையில்லை என்றும் சொல்லிவிட்டார்கள். அந்த அறுபதை நான் பரீட்சை மதிப்பெண் போல நாட்குறிப்பில் ஆண்டுதோறும் எழுதி வைத்திருந்தேன். அது இடது கீழறை ஒரு துடிப்பில் தன்னுள் இருக்கும் இரத்தத்தில் எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்ற எண் என்பதும், அறுத்துத் தைத்து ஒட்டுப் போட்டது முழுவதும் வலது பக்கத்தில் என்பதும், தமிழாசிரியனாகிய எனக்கு அப்போது தோன்றவில்லை. கசியும் அறை ஒன்று, அளந்த அறை இன்னொன்று.

இது யாரோ ஒருவருடைய கவனக்குறைவால் மட்டும் நேர்ந்ததன்று என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். இடது கீழறை ஏறத்தாழ முட்டை வடிவம் கொண்டது. இரண்டு கோணங்களில் படம் பிடித்து ஓரத்தை வரைந்தால், உள்ளே எவ்வளவு இரத்தம் கொள்ளும், ஒரு துடிப்பில் எத்தனை பங்கு வெளியேறும் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். வலது கீழறை அப்படி எந்த வடிவக் கணக்குக்குள்ளும் அடங்காது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் இடது அறையை அணைத்துக் கிடக்கும் பிறை. பக்கவாட்டில் பார்த்தால் முக்கோணம். போதாக்குறைக்கு அது மார்பெலும்புக்கு நேர் பின்னால் ஒட்டிக்கிடக்கிறது. எக்கோவின் ஒலியலையோ எலும்பையும் காற்றையும் கடக்காது. ஒருமுறை நெஞ்சைத் திறந்து மூடியவர்களுக்கு உள்தழும்பும் சேர்ந்துகொள்வதால், பார்ப்பதற்குக் கிடைக்கும் இடைவெளி இன்னும் குறுகிப்போகிறது.

ஆகையால் எக்கோவில் வலது பக்கத்தைக் குறுக்குவழியில்தான் மதிப்பிடுகிறார்கள். வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மூவிதழ் வால்வின் விளிம்பு ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை மில்லிமீட்டர் கீழிறங்கி ஏறுகிறது என்று பார்ப்பது அவற்றுள் ஒன்று. 17 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் செயல் குன்றியிருப்பதாகக் கொள்வது வழக்கம். ஆனால் இதயத்தைச் சுற்றியுள்ள உறையைத் திறந்து அறுவை செய்தவர்களுக்கு, அறை நன்றாகச் சுருங்கினாலும் இந்த ஏற்ற இறக்கம் குறைந்தே காணப்படும். இரு அறைகளுக்கும் நடுவே உள்ள சுவரும் அறுவைக்குப் பிறகு மாறுபாடாக அசையும். எனவே அறுவை செய்யாதவர்களுக்கு வகுத்த அளவுகோலை அறுவை செய்தவர்கள்மேல் அப்படியே வைத்தால் இல்லாத நோய் இருப்பதாகவும் தெரியலாம், இருக்கும் நோய் இல்லாததாகவும் தெரியலாம். எக்கோ வீண் என்று நான் சொல்ல வரவில்லை. கசிவு இருக்கிறதா, அடைப்பு மீண்டிருக்கிறதா, ஓட்டை மூடிய இடம் உறுதியாக இருக்கிறதா என்பதையெல்லாம் எளிதாகவும் மலிவாகவும் காட்டுவது அதுவே; அடிக்கடி எடுத்துப் பார்க்க அதைவிட்டால் வேறு வழியும் இல்லை. வலது கீழறை எவ்வளவு விரிந்திருக்கிறது என்ற ஒரு கேள்விக்கு மட்டும் நம்பத்தக்க எண்ணை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

2023-ஆம் ஆண்டு தைப்பூசக் காவடியின்போது அது எங்களுக்குத் தெரியவந்தது. எங்கள் தீவில் அந்நாள் பொதுவிடுமுறை என்பதைத் தங்கள் வாசகர்கள் அறிந்திருக்கலாம். என் மகள் பத்து நாள் விரதமிருந்து, கோர் தெ கார்ட் மலைச் சரிவில் உள்ள முருகன் கோவிலுக்குப் பால்குடம் எடுத்தாள். முந்திய ஆண்டுகளில் எங்கும் நில்லாமல் ஏறிய படிகளில் அன்று மூன்று இடங்களில் நின்றாள். விரதக் களைப்பு என்றாள் அவள் தாய். வெயில் என்றேன் நான். மறுவாரம் வேலைக்குச் செல்லும் வழியில் நெஞ்சு படபடத்துத் தலை சுற்றியது. அதன் பிறகு பார்த்த இளம் மருத்துவர் ஒருவர் ஈ.சி.ஜி.யை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “இவருக்கு வலது பக்கத்தை யாராவது எம்.ஆர்.ஐ.யில் அளந்திருக்கிறார்களா?” என்று கேட்டார். இருபத்துநான்கு ஆண்டுகளில் அந்தக் கேள்வியை எங்களிடம் கேட்ட முதல் மனிதர் அவர்.

இதய எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்காக மீண்டும் சென்னை சென்றோம். மார்பெலும்பைக் கட்டிய எஃகுக் கம்பிகள் உள்ளே இருக்கும்போது காந்தத்துக்குள் போகலாமா என்று அஞ்சிக்கொண்டிருந்தேன். அந்தக் கம்பிகளால் ஆபத்தில்லை, படத்தில் சிறு கருமைகளாகத் தெரியும், அவ்வளவுதான் என்றார்கள். (பேஸ்மேக்கர் வைத்தவர்களின் நிலை வேறு, அவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.) இதில் எக்ஸ்-ரே கதிர்வீச்சு இல்லை என்பதால் ஆண்டுகள் தோறும் திரும்பத் திரும்ப எடுக்கலாம் என்பது இளவயதினருக்குப் பெரிய நன்மை. ஏறத்தாழ ஒரு மணி நேரம் குழாய்க்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டும், பேரிரைச்சல் கேட்கும். இதயத்துடிப்போடு இணைத்து, ஒவ்வொரு படத்துக்கும் பத்துப் பதினைந்து நொடி மூச்சை நிறுத்தச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் பேச்சு பெரும்பாலும் கிரியோலில்தான். நான் பிடிவாதமாகக் கற்பித்த தமிழ் என் மகளுக்கு முதன்முதலாக உண்மையில் பயன்பட்டது “இழுங்க, விடுங்க, நிறுத்துங்க” என்ற அந்த மூன்று சொற்களில்தான்.

ரொட்டித் துண்டு போடுவதுபோல இதயத்தை அடியிலிருந்து நுனிவரை மெல்லிய குறுக்குப் படங்களாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு படத்திலும் அறையின் உள்ளோரத்தை வரைந்து, பரப்பைத் தடிமனால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுகிறார்கள். அறை பிறையானாலும் முக்கோணமானாலும் இந்தக் கணக்குக்குக் கவலையில்லை, ஏனென்றால் எந்த வடிவத்தையும் இது ஊகிப்பதில்லை. விரிந்த நிலையில் ஒருமுறையும் சுருங்கிய நிலையில் ஒருமுறையும் கணக்கிட்டு, ஆளின் உடற்பரப்பால் வகுக்கிறார்கள். வேறொரு வகைப் படத்தில், நுரையீரல் தமனியில் எவ்வளவு இரத்தம் முன்னே போகிறது, எவ்வளவு பின்னே வருகிறது என்பதையும் தனித்தனியே அளக்கிறார்கள்.

என் மகளுக்குக் கிடைத்த எண்களை இங்கே தருகிறேன். மற்றப் பெற்றோருக்கு அறிக்கையில் எதைத் தேடுவது என்று தெரியட்டும். வலது கீழறையின் விரிந்த கொள்ளளவு, உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 172 மில்லிலிட்டர். நலமான பெண்களுக்கு இது 80-ஐ ஒட்டி இருக்கும். சுருங்கிய கொள்ளளவு 90. இரண்டுக்கும் உள்ள வேறுபாடாகிய 82-தான் ஒரு துடிப்பில் அந்த அறை வெளியே தள்ளுவது. கசிவு 42 சதவீதம். அதாவது தள்ளிய 82-இல் ஏறத்தாழ 34 திரும்பி வந்துவிட, நுரையீரலுக்குப் போய்ச் சேர்ந்தது 48 மட்டுமே. ஏற்றம் இறைப்பவன் கொட்டும் நீரில் ஐந்தில் இரண்டு பங்கு மீண்டும் கிணற்றிலேயே விழுந்தால் அவன் என்ன செய்வான்? பெரிய சாலாக மாட்டிக்கொள்வான். அறை செய்ததும் அதுதான். அந்த நேரத்திலும் இடது பக்கத்துப் பம்பிங் அறுபது சதவீதம்! என் நாட்குறிப்பில் இருந்த எண் பொய்யில்லை; நாங்கள் கேட்க வேண்டிய கேள்விக்கு அது விடையில்லை.

வால்வு எப்போது மாற்ற வேண்டும் என்பதற்கும் இந்த எண்களே வழிகாட்டுகின்றன. கசிவு கடுமையாக இருந்து மூச்சிரைப்பு முதலிய அறிகுறிகளும் வந்துவிட்டால் வால்வு மாற்ற வேண்டும் என்பதில் ஐயமில்லை. அறிகுறி இல்லாதவர்களுக்கும், வலது கீழறை மேன்மேலும் விரிந்து, விரிந்த கொள்ளளவு 160-ஐயோ சுருங்கிய கொள்ளளவு 80-ஐயோ எட்டினால் மாற்றுவதைப் பற்றி எண்ண வேண்டும் என்று ஐரோப்பிய இதயவியல் கழகம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. அளவுக்கு மீறி விரிந்த அறை, புது வால்வு வைத்த பின்னும் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை என்பதே இதற்குக் காரணம். மிகவும் முந்தியும் வைக்கக் கூடாது. வைக்கும் வால்வு வாழ்நாள் முழுவதும் உழைக்காது, இளம் வயதில் வைத்தால் பின்னால் இன்னொன்றும் அதற்குப் பின் வேறொன்றும் தேவைப்படும். முந்தாமலும் பிந்தாமலும் அந்த இடைவெளியைப் பிடிப்பதற்கு, விட்டுவிட்டு எடுத்த அளவுகளின் வரிசை வேண்டும். எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு புள்ளி. அதுவும் எல்லையைத் தாண்டிய புள்ளி.

தொடையில் உள்ள நாளத்தின் வழியே வால்வைக் கொண்டுபோய்ப் பொருத்தும் முறை 2000-இல் பிரான்சில் போன்ஹோஃபர் என்ற மருத்துவர் செய்து காட்டியது முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் ஒட்டுப் போட்டு அகன்றுபோன என் மகளின் நாளத்தில் அது நிலைகொள்ளாது என்றார்கள். எனவே மீண்டும் நெஞ்சைத் திறக்க வேண்டியதாயிற்று. அதற்கு முன் ஒரு சி.டி. எடுத்தார்கள், விரிந்த அறை மார்பெலும்பில் எவ்வளவு ஒட்டியிருக்கிறது, எலும்பை அறுக்கும்போது எங்கே கத்தி படக்கூடாது, இதயத் தமனிகள் எந்த வழியில் ஓடுகின்றன என்பதைப் பார்க்க. கதிர்வீச்சு உண்டென்றாலும் அந்த ஒரு காரியத்துக்கு அதுவே தக்கது என்றார்கள். அறுவை நலமாக முடிந்தது. மறு ஆண்டு எடுத்த எம்.ஆர்.ஐ.யில் விரிந்த கொள்ளளவு 112, சுருங்கிய கொள்ளளவு 60. அறை சுருங்கியிருக்கிறது, ஆனால் அது ஒரு துடிப்பில் தள்ளும் பங்கு, முன்பு 172-இல் 82 என்று இருந்த 48 சதவீதத்திலிருந்து உயரவில்லை, 46-இல் நிற்கிறது. சில ஆண்டுகள் முன்னதாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் மருத்துவரிடம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஒப்பிடுவதைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வலது கீழறையின் உட்சுவர் வழவழப்பானதன்று, தசைநார்கள் பின்னிக்கிடப்பது. ஓரத்தை வரையும்போது அந்த நார்களை அறைக்குள் சேர்ப்பதா விலக்குவதா என்பதில் இடத்துக்கு இடம் வழக்கம் வேறுபடுகிறது. அதனால் ஒரே ஆளின் ஒரே படத்திலிருந்து இரு ஆய்வகங்கள் வேறு வேறு எண்களைத் தரக்கூடும். ஓரிடத்தில் 140 என்றும் மூன்று ஆண்டு கழித்து வேறிடத்தில் 155 என்றும் வந்தால், அறை வளர்ந்ததா, வரைந்த கை மாறியதா என்று எப்படி அறிவது? முடிந்தவரை ஒரே இடத்தில் எடுப்பதும், இடம் மாறினால் பழைய அறிக்கையை மட்டுமன்றிப் பழைய படங்களையே குறுந்தகட்டில் கொண்டுபோய்க் காட்டி ஒரே கையால் இரண்டையும் அளக்கச் செய்வதும்தான் வழி.

எங்களைப் போன்ற தீவு மக்களுக்கு இதில் தனித் தொல்லை உண்டு. பாம்ப்ளெமூஸில் இதய மையம் இயங்குகிறது. அரசு மருத்துவமனைகளில் கட்டணம் கிடையாது. இங்கே செய்ய இயலாத சிகிச்சைக்கு வெளிநாடு செல்ல அரசின் உதவியும் உண்டு. இவற்றை மறந்து நான் குறை கூறினால் அது நன்றிகெட்ட செயல். ஆனால் அறுத்த கை ஒரு நாட்டிலும் கவனிக்கும் கண் இன்னொரு நாட்டிலும் இருக்கும்போது இரண்டையும் இணைப்பது நோயாளியின் கையில் உள்ள காகிதம் ஒன்றுதான். 1999-இல் எங்களுக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘முழுச் சீரமைப்பு செய்யப்பட்டது’ என்ற ஒரு வரியே ஆங்கிலத்தில் இருந்தது. வால்வின் வளையத்தைக் கடந்து ஒட்டு வைத்த செய்தி அதில் இல்லை. இரண்டாம் அறுவைக்கு முன் விரிவான குறிப்பைக் கேட்டபோது, அத்தனை பழைய கோப்புகள் இப்போது இல்லை என்று விடை வந்தது. அந்த ஒரு செய்தி இங்குள்ள மருத்துவரின் மேசைமேல் இருந்திருந்தால், எந்தப் பக்கத்தை அளக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்காது.

ஃபாலோ நோயைப் பற்றியே எழுதிவிட்டேன்; மற்றவற்றை நான் அனுபவித்து அறிந்தவனல்லன். எனினும் சென்னை மருத்துவமனைக் கூடத்தில் காத்திருந்த நாள்களில் பிறரிடமிருந்து தெரிந்துகொண்ட அளவில் ஒன்று சொல்லலாம்: ஒவ்வோர் அறுவைக்கும் பிறகு கவனிக்க வேண்டிய இடம் வேறு. பெருநாளங்கள் இடம் மாறிப் பிறந்து, மேலறைகளில் வழியை மாற்றும் பழைய முறையில் அறுவை செய்தவர்களுக்கு, உடல் முழுவதற்கும் இரத்தம் தள்ளும் வேலை வலது கீழறையின் தலையில் விழுந்திருக்கிறது; அதை வாழ்நாளெல்லாம் கண்காணிக்க வேண்டும். மகாதமனிக் குறுக்கத்தை நீக்கியவர்களுக்கு அவ்விடம் மீண்டும் குறுகுகிறதா, புடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரத்த அழுத்தத்தையும் விடக்கூடாது. மேலறைச் சுவரில் எளிய ஓட்டையைச் சிறு வயதிலேயே மூடிக்கொண்டவர்கள் பெரும்பாலும் இந்தக் கவலையின்றி இருக்கலாம். ஆகவே ‘இதய அறுவை செய்தவர்’ என்ற பொதுப்பெயரைக் கொண்டு எதுவும் முடிவுசெய்ய முடியாது.

தங்களிடம் நான் வேண்டுவது சிறியது. இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, என்ன அறுவை நடந்தது, அடுத்து எந்தப் பரிசோதனை எப்போது என்ற இரண்டையும் மருத்துவரிடம் கேட்டு ஒரு வரியாவது சேர்த்து எழுதச் செய்யுங்கள். மருத்துவமனைகளும், வெளிநாட்டிலிருந்து வரும் குடும்பங்களுக்காவது, அறுவைக் குறிப்பின் முழுப்படியையும் படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் புறப்படும் நாளிலேயே கையில் கொடுத்துவிட வேண்டும். அதற்கெனத் தனியே விண்ணப்பம் எழுதச் சொல்லக் கூடாது. அந்தச் சிறுவனின் பெற்றோர் தங்கள் நாளிதழைப் படிப்பவர்களாக இருந்தால், ‘இனி வரத் தேவையில்லை’ என்று சொன்னவரிடமே ஒருமுறை திரும்பிப் போய், மகனுக்கு நடந்தது என்ன அறுவை, நுரையீரல் வால்வில் கைவைத்திருந்தால் அது இப்போது மூடுகிறதா என்று கேட்டு, விடையை எழுதி வாங்கிக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

தங்கள் அன்புள்ள,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
ரோஸ் ஹில், மொரிஷியஸ்